வெஸ்ட்ரேயிலிருந்து பாப்பா வெஸ்ட்ரேக்கு விமானத்தில் எவ்வளவு நேரம் ஆகும்?

அட்டவணையில் 2 நிமிடம் என்று போட்டிருக்கும். எழுத்துப்பிழை இல்லை. ஸ்காட்லாந்தின் வடக்கே, ஆர்க்னி தீவுகளில் உள்ள இந்த இரண்டு விமான நிலையங்களுக்கும் இடையே தூரமே சுமார் 2.7 கி.மீ. தான், கிட்டத்தட்ட எடின்பரோ விமான நிலைய ஓடுதளத்தின் நீளம். உலகிலேயே மிகக் குறுகிய வழக்கமான பயணிகள் விமான சேவை இதுதான். லோகன்ஏர் 1967-இலிருந்து இயக்குகிறது.

உண்மையில் வானில் இருக்கும் நேரம் இன்னும் குறைவு, ஒன்றரை நிமிடம்கூட இருக்காது. காற்று பின்னாலிருந்து தள்ளினால் ஒரு நிமிடத்துக்குள்ளேயே இறங்கிவிடலாம். சாதனை 53 வினாடி! சீட் பெல்ட்டைப் போட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பினால் கீழே ஒரு துண்டுக் கடல், அவ்வளவுதான், அடுத்த தீவு வந்துவிடும்.

பறப்பது 'ஐலண்டர்' என்ற இரட்டை எஞ்சின் குட்டி விமானம். ஒரே விமானிதான், துணை விமானி கிடையாது. அதனால் அவருக்குப் பக்கத்து இருக்கையில் பயணியே உட்காரலாம். கிடைத்தால் விடாதீர்கள்.

சரி, இவ்வளவு கிட்டத்தில் இருக்கும் தீவுக்கு விமானம் எதற்கு? இந்த 2 நிமிடத்துக்காக மட்டும் யாரும் விமானம் விடவில்லை. ஆர்க்னியின் தலைநகர் கிர்க்வாலிலிருந்து கிளம்பும் விமானம் இரண்டு தீவுகளையும் தொட்டுவிட்டுத் திரும்புகிறது. நடுவில் வரும் துண்டுதான் இது. ஆசிரியர்களும் மருத்துவர்களும் இதில் போய்வருகிறார்கள். அப்புறம், பாப்பா வெஸ்ட்ரேயில் 5,000 ஆண்டுகளுக்கும் மேல் பழமையான கல்வீடு ஒன்று இருக்கிறது. இறங்கினால் அதையும் பார்த்துவிட்டு வாருங்கள்.