‘கௌ’ என்ற ஓர் எழுத்தும் ஐகானின் ஐந்து பிராந்தியங்களும்

“இணையப் பெயர்களை நிர்வகிக்கும் ஐகான் அமைப்பில் இலங்கை போன்ற சிறு நாடுகளுக்கு உண்மையான பிரதிநிதித்துவம் உண்டா? அதை நம்பலாமா?” என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியின் தொனியைப் பார்த்தால், ‘டொட் இலங்கை’ என்று முடியும் தமிழ் முகவரி ஒன்றைப் பதிந்துவிட்டு அவதிப்படுகிறவராகவோ, பதியலாமா என்று யோசிப்பவராகவோ நீங்கள் இருக்க வேண்டும். பதிந்து அவதிப்பட்டவன் என்ற தகுதியில் எழுதுகிறேன். ஐகானிடமிருந்தோ, பெயர்களைப் பதிந்து கொடுக்கும் எந்தப் பதிவகத்திடமிருந்தோ நான் ஒரு சதமும் பெற்றதில்லை என்பதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன். எதை எழுதினாலும் ‘உமக்கு யார் படியளக்கிறார்கள்’ என்று கேட்க இருவராவது வருவார்கள்.

கடதாசியில் பிரதிநிதித்துவம் உண்டு. 1998இல் கலிபோர்னியாவில் தொடங்கப்பட்ட இந்த இலாப நோக்கற்ற நிறுவனம் உலகத்தை ஐந்து பிராந்தியங்களாகப் பிரித்து வைத்திருக்கிறது. பணிப்பாளர் சபையில் ஒவ்வொரு பிராந்தியத்திலிருந்தும் ஒருவராவது இருக்க வேண்டும், எந்தப் பிராந்தியத்துக்கும் ஐவருக்கு மேல் இருக்கக் கூடாது என்று அதன் யாப்பு சொல்கிறது. ஆனால் எங்கள் பிராந்தியத்தின் பெயர் ஆசியா, ஆஸ்திரேலியா, பசிபிக். மேற்காசியாவின் அரபு நாடுகளும் சீனாவும் இந்தியாவும் பசிபிக்கின் சிறு தீவுகளும் நாங்களும் அதில் ஒரே வீட்டுக்காரர். அந்த வீட்டுக்குக் கிடைக்கும் ஆசனத்தில் அமர்பவருக்குத் தமிழில் ‘ள’வும் ‘ல’வும் வேறு என்பது தெரிந்திருக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. ஆசனங்களை விட 2012ஆம் ஆண்டுச் சுற்றின் கணக்கு இன்னும் வெளிப்படையானது. முகவரியின் கடைசிப் புள்ளிக்குப் பின் வரும் மேல்நிலைப் பெயர்களைப் புதிதாகக் கேட்டு வந்த 1,930 விண்ணப்பங்களில் வட அமெரிக்காவிலிருந்து 911, ஆபிரிக்கா முழுவதிலுமிருந்து 17. அன்று ஒரு விண்ணப்பத்தின் கட்டணம் 1,85,000 டொலர் என்றால் வேறென்ன நடக்கும்?

இனி என் கதை. யாழ்ப்பாணத்தில் நான் தகவல் தொழில்நுட்பம் படிப்பிக்கும் ஆசிரியர். எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தின் பெயர் ‘கௌ’ என்ற எழுத்தில் தொடங்கும். அதற்கு மேல் சொல்ல மாட்டேன். டொட் லங்கா என்ற சிங்கள வடிவமும் டொட் இலங்கை என்ற தமிழ் வடிவமும் 2010இல் நாட்டுக்குக் கிடைத்தவை என்பதை நிர்வாகக் கூட்டத்தில் பெருமையோடு விளக்கி, ஆங்கில முகவரியே போதும் என்ற பொருளாளரோடு வாதாடி, தமிழ் முகவரியைப் பதிய வைத்தவன் நான். ஆண்டு விழா அழைப்பிதழில் அந்த முகவரியைப் பெரிதாக அச்சிட்டோம். ஒரு கிழமைக்குள் கனடாவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் தொலைபேசி அழைப்புகள் வரத் தொடங்கின. நன்கொடை விபரம் பார்க்கப் போனால் பக்கம் திறக்கவில்லையாம். “சேர், உங்கட தமிழ் முகவரியைப் போட்டா அப்பிடி ஒண்டு உலகத்திலயே இல்லையாம்” என்று தலைவர் சொன்ன முகத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

காரணத்தைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நாள் ஆனது. அழைப்பிதழ் ஒருங்குறி (யுனிகோட்) அல்லாத பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சானது. பாமினியில் ‘கௌ’ எழுத வேண்டுமானால் ஒற்றைக் கொம்பு, ‘க’, அதன் பின் ‘ள’ என்று மூன்று விசைகளை அழுத்துவார்கள். கடதாசியில் வித்தியாசம் எதுவும் தெரியாது. அதே கோப்பை அச்சகத்தார் எழுத்துரு மாற்றும் மென்பொருள் ஒன்றில் இட்டு ஒருங்குறியாக்கி வைபர் குழுவுக்கு அனுப்பியபோது அது ‘கெ’, ‘ள’ என்று இரண்டு எழுத்தாகப் போய்விட்டது. வெளிநாட்டிலிருந்தவர்கள் அதைத்தான் பிரதி செய்து ஒட்டினார்கள். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறு. பாமினியை இன்னும் கைவிடாத அச்சகங்களைப் பற்றி ஒரு தனிப் பதிலே எழுதலாம், இப்போது வேண்டாம்.

முதலில் எனக்கு வந்த கோபம் ஐகான் மீதுதான். ‘தமிழ் தெரியாத ஆட்கள் தமிழுக்கு விதி செய்தால் இப்படித்தான்’ என்று நாலு பேரிடம் சொல்லியும் விட்டேன். பிறகு தேடிப் பார்த்தபோது வெட்கமாகிவிட்டது. எல்லா மேல்நிலைப் பெயர்களின் பட்டியலான மூல வலயத்தில் சேரும் தமிழ்ப் பெயர்களுக்கான எழுத்து விதிகளைத் தமிழ், தெலுங்கு, வங்காளம் முதலிய ஒன்பது எழுத்து முறைகளுக்குமாக அமைந்த ஒரு குழு உருவாக்கியிருந்தது. சிங்களத்துக்குத் தனிக் குழு. அந்த விதிகள் ‘ஔ’வும் ‘ஒ’, ‘ள’ சேர்ந்த வடிவமும் ஒன்றுபோலத் தோன்றும் சிக்கலைக் கண்டு, ஒன்றை மற்றதன் மாற்றுருவாகவே எடுத்துக்கொண்டிருக்கின்றன. என்னைத் தடுக்கி விழுத்திய கல்லை அவர்கள் முன்னமே பார்த்திருந்தார்கள். ஆனால் அந்த விதி மேல்நிலைப் பெயர்களுக்கு மட்டுமே. ‘டொட் இலங்கை’க்கு முன்னால் நாம் பதியும் பெயருக்கு அந்தந்த நாட்டுப் பதிவகத்தின் விதியே விதி. அதைக் கலிபோர்னியாவில் எழுதுவதில்லை, இங்கேதான் எழுதுகிறார்கள்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தத் தமிழ் விதிகளின் வரைவு பொதுக் கருத்துக்காகத் திறந்திருந்த காலத்தில் அதைப் பற்றிய மடல் எனக்கும் வந்தது. உயர்தர விடைத்தாள் திருத்தும் நேரம் என்று தள்ளிப்போட்டேன்; பிறகு மறந்துவிட்டேன். ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில்: பணிப்பாளர் சபையில் எங்கள் பிராந்தியத்தின் ஆசனங்களை எண்ணுவதால் பயனில்லை, எழுத்துகளைத் தீர்மானிக்கும் மேசையில் எங்கள் ஆட்கள் இருக்கிறார்களா என்று பாருங்கள். இணையவழியே சேரலாம் என்பதால் அங்கே போவதற்குக் கடவுச்சீட்டுக் கூடத் தேவையில்லை. ஆங்கிலமும் பொறுமையும் நடுச்சாமத்தில் விழித்திருக்கும் உடம்பும் வேண்டும். அவை எல்லோருக்கும் வாய்ப்பதில்லை என்பது உண்மையான குறைதான். அதை நான் மறுக்கவில்லை.

நம்பிக்கை பற்றியும் கேட்டீர்கள். 2022 பெப்ரவரி இறுதியில் உக்ரைன் அரசு ரஷ்யாவின் மேல்நிலைப் பெயரை நீக்கும்படி கேட்டபோது, மார்ச் தொடக்கத்தில் ஐகான் மறுத்துவிட்டது. உக்ரைனியரின் துயரத்தைச் சிறிதாக்குவதாக யாரும் சண்டைக்கு வர வேண்டாம். 1990களில் மின்சாரமும் தொலைபேசியும் அறுக்கப்பட்ட யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவனுக்கு, யார் கேட்டாலும் இணைப்பை அறுக்க மாட்டோம் என்று சொல்லும் ஓர் அலுவலகத்தின் மீது ஒரு மதிப்பு வருவதைத் தவிர்க்க முடியாது. அறுக்காது என்பதில் நம்புகிறேன். எங்களைத் தானாகவே கேட்டறியும் என்பதில் நம்பவில்லை.

சனசமூக நிலையம் இப்போது ஆங்கில முகவரியையும் வைத்திருக்கிறது. இந்த ஆண்டு அழைப்பிதழில் இரண்டும் உண்டு. தமிழ் முகவரியை மட்டும் ஒருங்குறி எழுத்துருவில் நானே தட்டச்சுச் செய்து கொடுத்தேன். பாமினி வரிகளுக்கு நடுவே அது கொஞ்சம் மெலிந்து தெரிகிறது. பொருளாளருக்கு அது பிடிக்கவில்லை.