முன்கை சிவக்கிறது, பந்து பின்னால் பறக்கிறது: என்ன செய்வது?

கேள்வி: எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகள் இரண்டு மாதமாக வாலிபால் பயிற்சிக்குப் போகிறாள். அண்டர்ஹேண்ட் பாஸ் (சேர்த்து நீட்டிய முன்கைகளில் பந்தை வாங்கி அனுப்புவது) எடுக்கும்போது பந்து தலைக்குப் பின்னால் பறக்கிறது, இல்லையென்றால் பக்கவாட்டில் தெறிக்கிறது. கையும் சிவந்துவிடுகிறது. முழங்கையை மடங்கவிடாத பட்டையும் எடை கூடிய பந்தும் வாங்கிக்கொண்டு பத்து நாள் சிறப்பு முகாமில் சேர்த்தால் சரியாகும் என்கிறார் ஒருவர். சேர்க்கலாமா?

பதில்: பட்டை வேண்டாம், எடைப் பந்து வேண்டாம், முகாமுக்கு இப்போது பணம் கட்டவும் வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் குறை உங்கள் மகளின் கையில் இல்லை. பந்து வரும் இடத்துக்கு அவளுடைய கால்கள் தாமதமாகப் போய்ச் சேர்கின்றன. அந்தத் தாமதத்தைக் கையை வீசி ஈடுகட்டப் பார்க்கும்போதுதான் பந்து பின்னாலும் பக்கத்திலும் போகிறது.

இன்று பயிற்சி முடிந்து வந்ததும் அவளுடைய இரண்டு கைகளையும் நீட்டச் சொல்லி, சிவப்பு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். மணிக்கட்டுக்குச் சற்று மேலே, முன்கையின் உட்புறச் சதையில், இரண்டு கைகளிலும் ஏறக்குறைய ஒரே அளவாக இருந்தால் பந்து படவேண்டிய இடத்தில்தான் படுகிறது. தோல் பழகியதும் அந்தச் சிவப்பு குறைந்துவிடும். கட்டைவிரல் அடியிலோ மணிக்கட்டு எலும்பிலோ இருந்தால், அவள் கால் நகராமல் கையை மட்டும் எட்டி நீட்டுகிறாள். முழங்கை மடிப்புக்கு அருகில் இருந்தால் பந்துக்கு அடியிலேயே போய் நின்றுவிடுகிறாள். ஒரு கையில் மட்டும் இருந்தால் பந்தை உடலுக்கு நேரே கொண்டுவராமல் பக்கத்தில் வாங்குகிறாள். அழுத்தினால் எலும்பில் வலிக்கிறது, வீக்கம் வடியவில்லை என்றால் பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

கையைச் சேர்ப்பது எளிது. ஒரு கையின் விரல்களை மற்றதன் விரல்கள் மேல் வைத்து, இரண்டு கட்டைவிரல்களும் அருகருகே முன்னோக்கி இருக்கும்படி உள்ளங்கையின் அடிப்பகுதிகளை ஒட்டி, மணிக்கட்டைத் தரைப்பக்கம் அழுத்தினால் முழங்கை தானாக நேராகிவிடும். பட்டை செய்து தருவதாகச் சொல்லப்படும் வேலை இவ்வளவுதான். விரல்களை ஒன்றுக்குள் ஒன்று கோக்கவே கூடாது. இரண்டு முன்கைகளும் சேர்ந்த அந்தப் பலகை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ அந்தப் பக்கம்தான் பந்து போகும் என்பதால், கையைத் தோள் உயரத்துக்கு மேல் வீசினால் பலகை வானத்தைப் பார்த்து, பந்து தலைக்குப் பின்னால் போய்விடுகிறது. 260 முதல் 280 கிராம் வரையே எடையுள்ள பந்தைத் தூக்க வீச்சே தேவையில்லை. மெதுவாக வரும் பந்துக்கு, மடக்கிய முழங்காலை நிமிர்த்துவதே போதும். வேகமான சர்வீஸுக்குக் கை அசையாமல் நின்றாலே போதும்.

தொடக்கநிலைப் பிள்ளைகள் பெரும்பாலும் செய்யும் பிழை, கையைச் சேர்த்துக்கொண்டே ஓடுவது. ஓடி, நின்று, அதன் பிறகே கை சேர வேண்டும். இதைப் பழக்க, முதல் ஒரு வாரம் பாஸே எடுக்க வேண்டாம். நீங்கள் மூன்று மீட்டர் தள்ளி நின்று இடமும் வலமுமாகப் பந்தை மெல்லத் தூக்கிப் போடுங்கள். அவள் ஓடி வந்து நின்று, இடுப்புக்குக் கீழே, உடலுக்கு நேர் முன்னால் பந்தை இரு கைகளாலும் பிடிக்கட்டும். அந்த இடத்தில் பிடிக்க முடிகிற பந்தைத்தான் நாளை பாஸாகவும் எடுக்க முடியும். பந்தில் காற்று கூடுதலாக இருக்கிறதா என்றும் கேளுங்கள். விதிப்படி அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 0.30 முதல் 0.325 கிலோ வரைதான் இருக்க வேண்டும். கல்லைப் போல் அடைத்த பந்து புதிய கையை வீணாக வதைக்கும்.

இன்னொன்றையும் விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தப் பயத்திலேயே பல பிள்ளைகள் விறைத்துப்போய் நிற்கிறார்கள். பந்து முதலில் ஒரு கையிலும் உடனே மறு கையிலும் பட்டால் 'டபுள்' என்று விசில் ஊதிவிடுவார்கள் என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. அணியின் முதல் தொடுதலுக்கு அது பொருந்தாது. எதிரணியின் சர்வீஸையோ ஸ்மாஷையோ வாங்கும்போது, ஒரே முயற்சிக்குள் நிகழ்ந்தால், பந்து இரண்டு கைகளிலும் மார்பிலும் அடுத்தடுத்துப் பட்டாலும் தவறில்லை. நம் அணியின் பிளாக்கில், அதாவது எதிரணியின் அடியைத் தடுக்க வலையருகே உயர்த்திய கைகளில், பட்டு வரும் பந்தை எடுப்பதும் முதல் தொடுதலாகவே கணக்கிடப்படும், ஆகவே அங்கும் இதே சலுகை உண்டு. ஆனால் பந்தைப் பிடித்து நிறுத்தினாலோ ஏந்தி எறிந்தாலோ முதல் தொடுதலிலும் தவறுதான். முயற்சி ஒன்றாக இல்லாமல், தவறிய பந்தை அவளே மறுபடியும் எட்டித் தட்டினால் அது இரண்டாவது தொடுதலாகி, 'டபுள்' தவறாகிவிடும்.

இனி உங்களுக்கு யோசனை சொன்னவரைப் பற்றி. எடைப் பந்து, செட்டர்களின் (ஸ்மாஷ் அடிப்பவருக்குப் பந்தை விரல்களால் உயர்த்திக் கொடுப்பவர்களின்) விரலுக்கும் மணிக்கட்டுக்கும் வலுவூட்டப் பயன்படும் கருவி. அதைக் குழந்தையின் முன்கையில் வாங்கச் சொல்பவருக்கு விளையாட்டு தெரியாது, அல்லது விற்பனை மட்டும் தெரியும். முழங்கையை மடங்கவிடாத பட்டையோடு ஓடும் பிள்ளை விழுந்தால் கையை மடக்கி ஊன்றக்கூட முடியாது. அடுத்ததாக, 'அணித் தேர்வாளர்களில் ஒருவர் நமக்கு வேண்டியவர்' என்ற பேச்சு வரும். வந்த நொடியிலேயே அவரை விட்டு விலகிவிடுங்கள். முப்பது பிள்ளைகளுக்கு ஒரு பந்தைக் கொடுத்துப் பயிற்சி என்று பெயர் வைத்திருக்கும் வரை, ஒரு மணி நேரத்தில் ஒரு பிள்ளையின் கையில் பத்துப் பந்துகூடப் படாது. இந்தப் பற்றாக்குறையில்தான் இடைத்தரகர்கள் பிழைக்கிறார்கள். பாஸையும் பின்வரிசைத் தடுப்பாட்டத்தையும் நம்பியே 1998-இல் லிபரோ என்ற தனி ஆட்டக்காரர் இடம் உலக அளவில் வந்துவிட்டது, இருந்தும் அணித் தேர்வு நாளில் முதலில் அளவுகோலை எடுத்துப் பிள்ளையின் உயரத்தைத்தான் அளக்கிறார்கள். நன்றாகப் பாஸ் எடுக்கும் குட்டையான பிள்ளைகள் இப்படித் திருப்பி அனுப்பப்படுவதை என்னால் பொறுத்துக்கொள்ளவே முடியவில்லை.

வீட்டு வாசலிலோ மொட்டை மாடியிலோ தினமும் இருபது நிமிடம் நீங்களே பந்து தூக்கிப் போடுங்கள். மூன்று வாரம் கழித்தும் சிவப்பு கட்டைவிரல் பக்கமே நின்றால், எந்தக் கையில், எந்த இடத்தில் என்று குறிப்பிட்டு எனக்கு மறுபடியும் எழுதுங்கள்.