கோழி ஈரலில் சால்மோனெல்லா: கேள்வி பதில்

இறைச்சி மாதிரிகளில் சால்மோனெல்லா என்ற, வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் தரும் பாக்டீரியாவைத் தேடுவதுதான் பல வருடமாக என் வேலை. கோழி ஈரல், இதயம், இரைப்பை பற்றி நீங்கள் அனுப்பிய கேள்விகளுக்கான பதில்கள் இவை.

கேள்வி: சார், கறிக்கடை வைத்திருக்கிறேன். நிறத்தையும் வாடையையும் வைத்துக் கண்டுபிடிக்க முடியாதா?

முடியாது. பளபளவென்று, வாடையே இல்லாத ஈரலிலும் சால்மோனெல்லா இருக்கும். வாடை வருவது கறியைக் கெடுக்கும் வேறு பாக்டீரியாக்களால். ஈரல் வீங்கி, பச்சை கலந்த வெண்கல நிறத்தில் இருந்தால் மட்டும் கோழி டைபாய்டு என்று சந்தேகப்படலாம். அதுவும் ஒரு சால்மோனெல்லாதான், மனிதரை அரிதாகவே தாக்கும். இருந்தாலும் அந்த ஈரலை விற்காதீர்கள், கோழி வந்த பண்ணைக்கும் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: லேபில் பயிற்சியில் இருக்கிறேன். ஈரலை மேலே பஞ்சால் துடைத்து எடுத்தால் போதுமா, மேடம் அப்படித்தான் சொன்னார்?

போதாது தம்பி. கறியில் கிருமி பெரும்பாலும் மேலேதான் ஒட்டியிருக்கும். உரிக்கும்போது குடல் கிழிந்தோ, கழுவும் தண்ணீரிலிருந்தோ வந்து சேர்ந்தது. ஈரல் கதை வேறு. குடலில் இருந்து கிளம்பும் ரத்தம் நேராக ஈரலுக்குத்தான் போகிறது. குடல் சுவரைத் தாண்டிய சால்மோனெல்லா அதோடு போய், தன்னை விழுங்க வந்த தற்காப்பு அணுக்களுக்குள்ளேயே உயிரோடு தங்கிவிடும். அது எப்படிப் பஞ்சில் வரும்? 25 கிராம் ஈரலை வெட்டி, 225 மில்லி பெப்டோன் நீரில் (கிருமிக்குச் சத்துத் தரும் திரவம்) நன்றாக நசுக்கிக் கலக்க வேண்டும். உள்ளே மட்டும் இருக்கிறதா என்று பார்க்க, பழுக்கக் காய்ச்சிய கரண்டியால் மேற்பரப்பைச் சுட்டுவிட்டு, கிருமி நீக்கிய கத்தியால் நடுப்பகுதியை எடுங்கள். இந்த ஒரு விஷயத்தில் தயவுசெய்து சோம்பல் படாதீர்கள்.

இதயம் சின்னது. 25 கிராம் சேர்க்கப் பல கோழிகளின் இதயம் வேண்டும். பாசிட்டிவ் வந்தால் எந்தக் கோழி என்று சொல்ல முடியாது, அதையும் அறிக்கையில் எழுதுங்கள்.

கேள்வி: ரிசல்ட் வர ஐந்து நாள் ஏன்?

குளிரிலும் கழுவலிலும் அடிபட்ட கிருமி முதலில் தேற வேண்டும். அதற்குத்தான் 37 டிகிரி செல்சியஸில் 18 மணி நேரம் பெப்டோன் நீர். அப்புறம் மற்ற பாக்டீரியாவை அடக்கிச் சால்மோனெல்லாவை வளர்க்கும் திரவத்தில் ஒரு நாள். பிறகு எக்ஸ்.எல்.டி. என்ற வளர்ப்பு ஊடகம் ஊற்றிய தட்டில் ஒரு நாள். சிவந்த திட்டின் நடுவே கறுப்புப் பொட்டு தெரிந்தால் சந்தேகம். வேதிச் சோதனையும், எதிர்ப்புப் பொருளோடு கிருமி ஒட்டுகிறதா என்று பார்க்கும் சீரம் சோதனையும் முடிந்த பிறகுதான் உறுதி. சால்மோனெல்லா தேடுவதற்கான சர்வதேசத் தர முறையான ஐஎஸ்ஓ 6579-ன் சுருக்கம் இது. நகரும் கிருமியை மட்டும் காட்டும் அரைத்திட ஊடகத்தை நம்பினால் கோழி டைபாய்டு தப்பிவிடும், ஏனென்றால் அந்தக் கிருமி நகராது.

கேள்வி: கிருமியின் டிஎன்ஏவைப் பெருக்கிக் கண்டுபிடிக்கும் பிசிஆர் செய்தால் அன்றே தெரியுமே?

வளர்க்காமல் நேராகச் செய்தால் நம்ப மாட்டேன். ஈரலில் உள்ள ரத்தத்தின் ஹீம் (இரும்புச் சத்துள்ள சிவப்புப் பொருள்) பிசிஆரைத் தடுக்கும். கிருமி இருந்தும் நெகட்டிவ் காட்டலாம். செத்த கிருமியின் டிஎன்ஏவும் பாசிட்டிவ் காட்டலாம். ஒரு நாள் வளர்த்துவிட்டு சால்மோனெல்லாவின் அடையாளமான இன்வ்-ஏ மரபணுவைத் தேடினால் மறுநாளே நல்ல துப்பு கிடைக்கும். பாசிட்டிவ் என்றால் தட்டில் வளர்த்து உறுதி செய்துவிடுங்கள்.

கேள்வி: நெகட்டிவ் என்றால் அந்த லோடு முழுக்கச் சுத்தமா அண்ணா?

இல்லை. அந்த 25 கிராமில் கிடைக்கவில்லை என்றுதான் பொருள். ஐந்து மாதிரியாவது எடுங்கள்.

கேள்வி: ஹோட்டலில் ஈரலை உள்ளே இளஞ்சிவப்பாக விட்டுப் பரிமாறச் சொல்கிறார்கள். சரியா?

சரியில்லை. 2011-ல் அமெரிக்காவில், நியூயார்க், நியூஜெர்சி பக்கம், மேலே வாட்டிய கோழி ஈரல் விற்றார்கள். வெந்தது போலத் தெரிந்ததால் அப்படியே சாப்பிடலாம் என்று பலர் நினைத்தார்கள், ஆனால் உள்ளே வேகவில்லை. ஹைடல்பர்க் வகை சால்மோனெல்லாவால் 190 பேர் நோயுற்றதாகப் பதிவானது. நடுவில் தெர்மாமீட்டர் குத்திப் பாருங்கள், 74 டிகிரி செல்சியஸ் காட்ட வேண்டும்.

கேள்வி: மாதிரியை லேபுக்கு எப்படிக் கொண்டுவருவது?

ஐஸ் பெட்டியில், ஆனால் உறையவிடாமல். உறைந்தால் சால்மோனெல்லா முழுதும் சாகாது, அடிபட்டுச் சோர்ந்துபோகும், கண்டுபிடிப்பது கஷ்டமாகும். ஒவ்வொரு உறுப்பையும் தனிப் பையில் போட்டு, அன்றே கொடுத்துவிடுங்கள்.