பட்டா நிலத்துத் தோப்பும் ஒகேனக்கல் காடும்

கேள்வி: பென்னாகரம் பக்கம் எங்களுக்கு மூன்று ஏக்கர் மானாவாரி நிலம் இருக்கிறது. கேழ்வரகும் கொள்ளும் கட்டுப்படியாகாமல் போனதால், பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் அதில் தேக்கை நெருக்கமாக நட்டோம். ஓடை ஓரத்தில் புங்கனும் வேம்பும் தாமாகவே வந்துவிட்டன. இப்போது பாதி மரங்களைக் கழித்துப் புதரை எல்லாம் அகற்ற வேண்டும் என்கிறார் என் அண்ணன். ஒகேனக்கல் காட்டை யார் கவாத்து செய்தார்கள், இயற்கையை அதன் போக்கில் விட்டால் என்ன என்று நான் கேட்கிறேன். யார் சொல்வது சரி?

பதில்: யார் கவாத்து செய்தார்கள் என்பதற்கு நேரான பதில், யானை. கிளையை முறிப்பதும், மூங்கிலை வளைத்துத் தின்பதும், பட்டையை உரிப்பதும், வேண்டாத இடத்தில் ஒரு மரத்தைச் சாய்த்து வெயிலை உள்ளே விடுவதும் அங்கே அதன் அன்றாட வேலை. உங்கள் மூன்று ஏக்கருக்குள் அது வருவதை நீங்களே விரும்பமாட்டீர்கள் என்று நினைக்கிறேன். பரப்பையும் பாருங்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் 2022-ல் அறிவிக்கப்பட்ட காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயம் மட்டுமே ஏறத்தாழ 686 சதுர கிலோமீட்டர். அத்தனை பெரிய காட்டில் ஒரு சரிவு எரிந்துபோனால் அடுத்த சரிவிலிருந்து பறவையும் காற்றும் விதையைக் கொண்டுவந்து சேர்க்கும். உங்கள் தோப்பு எரிந்தால் எஞ்சுவது வரப்பு மட்டுமே. காட்டிலும்கூடக் கோடைக்கு முன் வனத்துறையினர் தீத்தடுப்புக் கோடு வெட்டுகிறார்கள் என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தேக்கை வரிசை பிடித்து நட்டது நீங்கள்தான். ஆகவே அங்கே இயற்கையின் போக்கு என்று நீங்கள் சொல்வது, பாதியில் கைவிட்ட உங்கள் வேலையின் போக்கு. நெருக்கம் என்பது வழக்கமான ஆறரை அடி இடைவெளி என்றால், ஏக்கருக்கு ஏறத்தாழ 1,000 மரங்கள் நிற்கின்றன. தொடக்கத்தில் அந்த நெருக்கம் கன்றை நேராக வளரச் செய்யும். ஆனால் பின்னாளில் கழித்துவிடுவோம் என்ற எண்ணத்தோடுதான் அப்படி நடுவார்கள். கழிக்காமல் விட்டால் எல்லா மரங்களும் வெளிச்சத்துக்காக உயர்ந்து, எதுவும் பருக்காமல், ஈரம் குறைந்த உங்கள் மண்ணில் ஒன்றின் பங்கை ஒன்று பறித்துக்கொண்டு நிற்கும். கோடையில் உதிரும் அந்த அகன்ற இலைகள் சருகாகிக் குவிந்தால் ஒரு பீடித்துண்டு போதும்.

புதரைப் பற்றி நீங்கள் எழுதியதில் உண்ணிச்செடியின் (லாண்டானா) பெயர் இல்லை. இருக்கும் என்றே ஊகிக்கிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழகுக்காக இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட செடி அது. அதன் பழத்தைத் தின்னும் பறவைகள் விதையைப் பரப்புகின்றன. ஆடு மாடு அதைத் தொடுவதில்லை. அதன் அடியில் வேறு கன்று எளிதில் எழுவதில்லை. அதைத் தானாக வந்ததென்று விட்டுவைப்பவர் வேம்பையும் புங்கனையும் கைவிடுகிறார். தரைக்கு மேல் வெட்டினால் மறுபடி துளிர்க்கும் என்பதால், காய்க்கும் முன், மண்ணுக்குச் சற்றுக் கீழே ஆணிவேரை அறுத்துச் செடியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் போட வேண்டும். வெற்றிடத்தில் உடனே புல்லோ நாட்டு மரக்கன்றோ வராவிட்டால் அடுத்த மழைக்கு அதுவே திரும்பி வரும். காவிரிக்கு அப்பால் மாதேஸ்வர மலையில் சோலிகர் பழங்குடியினர் அதன் தண்டைக் கொண்டு நாற்காலிகூடச் செய்கிறார்கள்; நீங்கள் அந்த அளவுக்குப் போக வேண்டியதில்லை.

இத்தனைக்குப் பிறகும் அண்ணன் சொல்வதை முழுதாக ஏற்கவில்லை. "புதரை எல்லாம்" என்ற சொற்றொடர் எனக்கு அச்சம் தருகிறது. காரையும் சூரையும் இந்த மண்ணுக்கே உரியவை; ஆட்டின் வாயிலிருந்து இளங்கன்றைக் காப்பது அந்த முள்தான். பட்டுப்போன மரங்களையும் ஒட்டுமொத்தமாக விறகாக்க வேண்டாம். வழியில் விழாதவாறு நிற்கும் இரண்டு மூன்றை விட்டுவைத்தால், மரங்கொத்தி குடைந்த பொந்தில் பின்னர் ஆந்தையோ மைனாவோ குடியேறும். ஓடை ஓரத்தை, உண்ணிச்செடியை மட்டும் அகற்றிவிட்டு, முழுவதுமாக விட்டுவிடுங்கள். உங்கள் விருப்பத்துக்கு அங்கே இடமுண்டு. வெட்டிய கொப்பும் தழையும் வரிசைகளுக்கு இடையில் மட்கட்டும். தீ வைக்க அண்ணனை அனுமதிக்காதீர்கள்.

பறவை எச்சத்தில் வந்த சந்தனக் கன்றுகள் அந்த முட்களுக்குள் இருக்கக்கூடும். பட்டா நிலத்துச் சந்தனம் நில உரிமையாளருக்கே என்று 2002-ல் சட்டம் திருத்தப்பட்டது. ஆனால் வெட்டுவதும் விற்பதும் இன்றும் வனத்துறை வழியாகத்தான். சந்தனம் பக்கத்து மரங்களின் வேரிலிருந்தும் உணவு எடுப்பது, ஆகவே அதைச் சுற்றி எல்லாவற்றையும் வெட்டிவிட்டால் வளர்ச்சி குன்றும். ஆள் அரிவாளோடு இறங்கும் முன், நீங்களே ஒருமுறை உள்ளே நடந்து, அந்தக் கன்றுகளில் அடையாளத்துக்குத் துணி கட்டிவிடுங்கள்.