கூர்முனை ஹெல்மெட்: 600 யூரோ கொடுக்கலாமா?

கேள்வி: ஜெர்மனியில் வேலை பார்க்கிறேன். இங்கே பழைய சாமான் சந்தையில் ஒருவர் கூர்முனை வைத்த ராணுவ ஹெல்மெட்டுக்கு 600 யூரோ சொல்கிறார். 1870 பிரான்ஸ் போரில் ஒரு சிப்பாய் போட்டதாம். கறுப்புத் தோல், முன்னால் பித்தளைக் கழுகு, இரண்டு காதுப் பக்கமும் வட்ட வில்லை. சாம்பல் நிற முனை திருகினால் கையோடு வந்துவிடுகிறது. வாங்கலாமா?

பதில்: முதலில் அந்த 1870 கதையை ஓரங்கட்டுங்கள். அப்போதைய ஜெர்மன் அரசுகளில் ஒன்றான பிரஷ்யாவின் மன்னர் நான்காம் பிரெடரிக் வில்லியம் 1842இல் கொண்டுவந்த இந்த ஹெல்மெட் முதல் உலகப் போர் வரை பலமுறை மாறியது, அந்த மாற்றங்கள்தான் நமக்குத் துப்பு. வலப்பக்க வில்லை கறுப்பு-வெள்ளை-சிவப்பாக இருந்தால் அது ஜெர்மன் பேரரசின் வில்லை, 1897இல்தான் வந்தது. இடப்பக்கம் இருப்பது மாநிலத்துடையது, பிரஷ்யாவுக்குக் கறுப்பு-வெள்ளை-கறுப்பு.

எனக்கு இடிப்பது அந்த முனைதான். சாதாரண சிப்பாய்க்குக் கழற்றும் முனை 1915 மாடலில் வந்தது, அப்போது பித்தளைத் தட்டுப்பாடு, அதனால் கழுகு உட்பட உலோகப் பாகமெல்லாம் சாம்பல் நிறத்துக்கு மாறிவிட்டது. உங்களுடையதில் கழுகு மட்டும் பித்தளை என்றால், இரண்டு ஹெல்மெட்டைப் பிரித்து ஒன்றாகச் சேர்த்திருக்கவே வாய்ப்பு அதிகம்.

கவிழ்த்து உள்ளே பாருங்கள். சிப்பாய் ஹெல்மெட்டில் கழுகின் முதுகில் இரண்டு கம்பி வளையங்கள் இருக்கும், அவை தோலின் ஓட்டை வழியாக உள்ளே வந்து சின்னத் தோல் துண்டு செருகி நிற்கும். திருகும் நட்டும் இருந்தால் பெரும்பாலும் அது அதிகாரியுடைய கழுகு, இல்லையென்றால் புதுப் பிரதி. (அந்தப் பிரதிகளில் நிறைய நம் இந்தியாவில் செய்து போவதுதான்!) கழுகுக்கு அடியில் வேண்டாத ஓட்டைகள் தெரிந்தால் கழுகை மாற்றியிருக்கிறார்கள். பின்கழுத்து மறைப்பின் உள்பக்கம் உடைக் கிடங்கின் முத்திரையோ ரெஜிமெண்ட் எண்ணோ மங்கலாக இருந்தால் நல்லது. வார்னிஷ் வெடித்திருப்பதும் தோல் சுருங்கியிருப்பதும் குறையே இல்லை, நூறு வருஷத் தோல் அப்படித்தான் இருக்கும். புதுச் செருப்புக் கடை வாசனை வந்தால் நடையைக் கட்டுங்கள்.

நானாக இருந்தால் 600 தர மாட்டேன். உதிரிப் பாகங்களின் விலைக்கு வந்தால் சரி, பேசிப் பாருங்கள்.

கேள்வி: இன்னொரு ஹெல்மெட்டில் முனைக்குப் பதில் உருண்டை இருக்கிறதே, போலியா?

பதில்: இல்லை, அது பீரங்கிப் படையுடையது. விற்பவர் முனை உடைந்துவிட்டது என்று நினைத்து விலையைக் குறைத்தால் வாயைத் திறக்காமல் வாங்கிவிடுங்கள், ஆனால் மேலே சொன்ன சோதனைகளை முடித்த அப்புறம்.