குயிலி வேடம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

எங்கள் நகர் நலச்சங்கம் ஜனவரி 3 அன்று வேலு நாச்சியார் பிறந்தநாள் ஊர்வலம் நடத்துகிறது. செண்டை மேளம், சிலம்பம், மெரினாவிலிருந்து ஒரு குதிரை. ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்குக் குயிலி வேடம்; உடம்பில் தீ வைத்துக்கொண்டு வெள்ளைக்காரன் வெடிமருந்துக் கிடங்கில் பாய்ந்தாள் என்பார்களே, நாச்சியார் படையில் இருந்த அந்தப் பெண். மினி லாரியில் வெடிமருந்துக் கிடங்கு செட் போட்டு, புகை கிளப்பி, அவள் தீயில் பாய்வதாகக் காட்சி. ஒத்திகைக்கு வந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், ‘குயிலின்னு ஒருத்தி இருந்ததுக்கு ஆதாரமே கிடையாது’ என்று பிள்ளைகள் முன்னாலேயே சொல்லிவிட்டார். ‘அப்போ நான் போடுறது பொய் வேஷமாப்பா?’ என்கிறாள். என்ன சொல்ல?

கே., வில்லிவாக்கம்

அன்புள்ள கே.,

சிவகங்கை ராணிக்கு எதற்குச் செண்டை என்று கேட்க வாயெடுத்தேன். கேட்டால் சென்னையில் பாதிக் கல்யாணம் நின்றுபோகும், விடுங்கள்.

ஆசிரியர் சொன்னது சரிதான், சொன்ன இடம்தான் சரியில்லை. குயிலி கும்பினிக்காரன், அதாவது கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன், எழுதிவைத்த காகிதத்தில் இருந்து வந்தவள் அல்ல, சிவகங்கைச் சீமையின் வாய்மொழியில் இருந்து வந்தவள். உடையாளும் அப்படித்தான். நாச்சியார் போன வழியைக் காட்டிக்கொடுக்க மறுத்து வெட்டுப்பட்டவள், கொல்லங்குடியில் வெட்டுடையார் காளியாக நிற்கிறாள் என்பார்கள். அநியாயம் நடந்தால் இன்றும் அங்கே போய்க் காசு வெட்டிப் போடுகிறார்கள். அவர்களிடம் போய் ஆதாரம் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. மகளிடம் சொல்லுங்கள்: நீ போடுவது பொய் வேஷம் இல்லை, கதை வேஷம். குயிலி வரும்போது மைக்கில் ‘சிவகங்கை மக்கள் சொல்லும் கதை’ என்று ஒரு வரி சேர்த்தால் ஆசிரியருக்கும் மரியாதை.

எனக்கு உறுத்துவது வேறு. 1772 ஜூனில் காளையார்கோவிலில் நாச்சியாரின் கணவர், சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதர் கொல்லப்படுகிறார். ஆற்காட்டு நவாபுக்காகக் கும்பினிப் படை செய்த வேலை. நாச்சியார் மகள் வெள்ளச்சியோடு திண்டுக்கல் பக்கம், விருப்பாச்சிக்குப் போய்ச் சேர்கிறார். அந்த டிசம்பரிலேயே அமைச்சர் தாண்டவராய பிள்ளை மைசூர் ஹைதர் அலிக்குக் கடிதம் எழுதுகிறார்: 5,000 குதிரை, 5,000 காலாள் வேண்டும். சீமை திரும்பக் கைக்கு வந்தது 1780இல்தான். நடுவில் எட்டு வருஷம்! அடுத்தவர் மண்ணில் இருந்துகொண்டு, தூது அனுப்பி, மருது சகோதரர்களோடு ஆள் திரட்டி, மகளையும் வளர்த்த எட்டு வருஷம். எந்த ஊர்வலத்திலும் இதற்கு வண்டி இல்லை. குதிரையும் வாளும் கிடைத்தால் போதும் நமக்கு.

பேனரில் ‘தமிழகத்தின் ஜான்சி ராணி’ என்று போட்டிருந்தால் தயவுசெய்து அழித்துவிடுங்கள். நாச்சியார் இறந்தது 1796. லட்சுமிபாய் பிறந்ததே 1828. பாட்டிக்குப் பேத்தி பெயரை வைப்பார்களா? தவிர, இவர் இழந்த நாட்டை மீட்டு, அரியணையில் உட்கார்ந்து ஆண்டவர்.

2022 குடியரசு நாளுக்குத் தில்லியில் இடம் மறுக்கப்பட்ட நம் ஊர்தி காமராஜர் சாலையில் வந்ததே, அதில் நாச்சியார் குதிரைமேல் இருந்தார். அதே சாலையில்தான் சேப்பாக்கம் அரண்மனை. 1768இல் கட்டிக்கொண்டவர் நவாப் முகமது அலி வாலாஜா, நாச்சியாரின் சீமையைப் பறித்த அதே ஆற்காட்டு நவாப். கூட்டம் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தது. எனக்கு மட்டும் அந்தக் கட்டடத்தைப் பார்த்துச் சிரிப்பு வந்தது.

கடைசியாக, அந்தத் தீ. இந்த ஊரில் தீக்குளிப்பு வெறும் கதை இல்லை. 2009 ஜனவரியில் சாஸ்திரி பவன் வாசலில் ஈழத் தமிழருக்காக முத்துக்குமார் தீக்குளித்ததை நேரில் பார்த்தவர்கள் உங்கள் தெருவிலேயே இருக்கலாம். பதினாலு வயதுப் பிள்ளை மினி லாரியில் எரிந்து காட்ட, கீழே நின்று நாம் கைதட்ட வேண்டாம். கதையில் வருகிறபடி பூக்கூடையோடு அவள் கோயிலுக்குள் நுழைவதோடு காட்சியை நிறுத்தச் சொல்லுங்கள். புகை மெஷின் வாடகை மிச்சமாகும். அந்தக் காசில் இன்னொரு வண்டி வையுங்கள்: ஒரு பாய், ஒரு விளக்கு, ஓலையும் எழுத்தாணியுமாகத் தாண்டவராய பிள்ளை, பக்கத்தில் அம்மா மடியில் தூங்கும் சின்னப் பெண். அந்தச் சின்னப் பெண் வேடத்துக்கு எல்.கே.ஜி. பிள்ளை யாராவது கிடைப்பாள். ஊர்வலம் முடிவதற்குள் நிஜமாகவே தூங்கிவிடுவாள்.