கர்ப்பப்பையை எடுத்தே ஆக வேண்டுமா?

"வயது 42, இரண்டு பிள்ளைகள். ஏழெட்டு மாதமாக மாதவிலக்கு பத்து நாள் வரை இழுக்கிறது, கட்டி கட்டியாகப் போகிறது. ஸ்கேனில் 3 செ.மீ. ஃபைப்ராய்டு. காப்பீட்டு அட்டை இருக்கிறதே, அடுத்த வாரமே கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்கிறார் டாக்டர். சரியா?" என்று ஒரு வாசகி கேட்கிறார்.

அவசரப்படாதீர்கள், சகோதரி. ஃபைப்ராய்டு என்பது கர்ப்பப்பையில் வளரும் தசைக்கட்டி, அநேகமாக எப்போதுமே புற்றுநோய் அல்ல. அளவை விட அது இருக்கும் இடம்தான் முக்கியம். உள்பக்கம் துருத்திக்கொண்டிருந்தால் (ரிப்போர்ட்டில் சப்மியூக்கோசல் என்று இருக்கும்) சின்னக் கட்டியே ரத்தத்தைக் கொட்ட வைக்கும், வெளிப்பக்கம் இருந்தால் பெரும்பாலும் தொந்தரவே இருக்காது.

முதலில் ஹீமோகுளோபின் பாருங்கள். 12-க்குக் கீழே போனால் ரத்தசோகை, 8-க்குக் கீழே போனால் கடுமையானது. ஓபியில் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தால் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருக்கும், கேட்டால் "வேலை ஜாஸ்தி டாக்டர், அதான் அசதி" என்பார்கள். இரும்புச்சத்து மாத்திரையை டீ, காபியோடு போட்டால் உடம்பில் சேராது, ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். மலம் கறுப்பாகப் போவதைப் பார்த்துப் பயந்து பாதியில் நிறுத்திவிடாதீர்கள், அது மாத்திரையால் வருவதுதான்.

அப்புறம் தைராய்டு டெஸ்ட். நாற்பதைத் தாண்டியதால் கர்ப்பப்பையின் உட்சவ்வில் துளி எடுத்து பயாப்ஸி பார்ப்பதும் அவசியம், அதைச் செய்யாமல் அறுவைக்குத் தேதி குறிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. பயாப்ஸியில் கோளாறு இல்லையென்றால் போக்கு அதிகமுள்ள நாட்களில் மட்டும் போடும் டிரானெக்ஸாமிக் ஆசிட் மாத்திரை இருக்கிறது (காலிலோ நுரையீரலிலோ ரத்தம் உறைந்தவர்களுக்குக் கூடாது), கர்ப்பப்பைக்குள் வைக்கும், ஐந்து வருஷமாவது தாங்கும் ஹார்மோன் லூப் இருக்கிறது, உள்பக்கக் கட்டி என்றால் வயிற்றைக் கிழிக்காமல் ஹிஸ்டரோஸ்கோப் (பிறப்புறுப்பு வழியாக உள்ளே விடும் மெல்லிய கேமராக் குழாய்) வழியாகவே எடுக்கலாம். இவை எதுவும் பலிக்காவிட்டால், அல்லது பயாப்ஸியில் புற்றுநோய்க்கான அறிகுறி தெரிந்தால், அறுவை சரியான முடிவுதான், அதற்குப் பயப்பட வேண்டாம். ஆனால் சினைப்பையையும் சேர்த்து எடுப்பீர்களா என்று கட்டாயம் கேளுங்கள், இந்த வயதில் அதை எடுத்தால் மாதவிடாய் நிற்கும்போது வரும் உடல் வெக்கையும் எலும்புத் தேய்மானமும் முன்கூட்டியே வந்துவிடும்.

பீகார், சத்தீஸ்கர், ராஜஸ்தானில் காப்பீட்டுப் பணத்துக்காகத் தேவையில்லாமல் கர்ப்பப்பையை எடுத்ததாக வந்த வழக்கில், இதைத் தடுக்கும் வழிகாட்டுதல்களை மாநிலங்கள் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அதனால் சந்தேகப்படுவது உங்கள் தப்பில்லை. ரிப்போர்ட் நகலைக் கேட்டு வாங்கிக்கொண்டு அருகிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மகளிர் ஓபியில் காட்டுங்கள். நடுவில் மணிக்கு ஒரு நாப்கின் நனைந்தாலோ, எழுந்தால் தலை சுற்றினாலோ, ஓபி நேரம் பார்க்காமல் அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.